கப்பல் மாதிரியில் வெண்பொடி தெரிந்தால்

மர மாதிரிகளைச் சீர்செய்யும் என்னிடம் சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் ராஜுலா கப்பலின் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய அந்தக் கப்பலில்தான் அவர்களுடைய தாத்தா, தனியறை இல்லாமல் கப்பல் தளத்தில் தங்கும் டெக் பயணியாக மலாயாவுக்குப் போயிருக்கிறார். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் வரை அக்கறையோடு செய்யப்பட்ட மாதிரி அது. மரத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. ஆனால் உயிர்காப்புப் படகுகளும் நங்கூரங்களும் மாவு பூசியதுபோல் வெளுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. பூசணம் என்று எண்ணிப் பலமுறை ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள்.

அது பூசணம் அன்று. காரீயம் அரித்து உண்டான கார்பனேட். சிறு உறுப்புகளைக் காரீயத்தில் வார்ப்பது மாதிரிக் கலைஞர்களின் பழைய வழக்கம். தேக்கு உட்பட எல்லா மரங்களும் ஏதோ ஓர் அளவில் அசெட்டிக் அமில ஆவியை வெளிவிடுகின்றன, ஒட்டுப்பலகையும் மரநாரைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் பசைகள் சிலவும் அமில ஆவிகளைத் தருகின்றன. தூசி புகாமலிருக்க நாம் இறுக மூடும் கண்ணாடிப் பெட்டி அந்த ஆவியை உள்ளேயே தேக்கிவைக்கிறது. ஆவி காரீயத்தைத் தாக்க, காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் கார்பனேட்டாக மாற்றுகிறது. அப்போது விடுபடும் அமிலம் மீண்டும் காரீயத்தையே தாக்குவதால், மிகக் குறைந்த ஆவியும் ஆண்டுக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். கடலோர ஊர்களின் வெப்பமும் ஈரமும் இதை விரைவுபடுத்தும்.

வெண்பொடி நச்சு. வாயால் ஊதவோ வெறுங்கையால் தொடவோ வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது. குழந்தைகளை அருகே விடவே கூடாது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பெயர் ஒற்றுமையால் காரீயத்தையும் அதுபோல் எண்ணிவிட வேண்டாம்.

புதிதாக மாதிரி செய்யச் சொல்பவர்கள், உறுப்புகளைப் பித்தளையிலோ வெள்ளீயக் கலவையிலோ வார்க்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை ஒட்டும் சிலிகானில் வினிகர் வாடை வந்தால் அதுவும் அசெட்டிக் அமிலமே. அந்த அமிலத்தை வெளிவிடாத நியூட்ரல் சிலிகான் கடைகளில் கிடைக்கிறது. பெட்டியின் அடியிலும் மேற்புறத்திலும் சிறு துளைகளிட்டு மெல்லிய துணி ஒட்டினால் தூசியும் தங்காது, ஆவியும் தேங்காது. எனக்கு இவற்றுள் முதன்மையானது இந்தக் காற்றோட்டமே.

ராஜுலாவின் படகுகளை அளவெடுத்து, படமெடுத்து, வெள்ளீயக் கலவையில் புதிதாக வார்த்துப் பொருத்தினேன். உதிராமல் எஞ்சிய 2 பழைய படகுகளை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, நச்சு என்று எழுதி ஒட்டி, அக்குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்தேன்.