அவலான்ச்னா பனிப்புயல் இல்லைங்க, பனிச்சரிவு

போன டிசம்பர்ல உத்தராகண்ட்ல இருக்குற கேதார்காந்தா மலைக்கு ட்ரெக் கிளம்புறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு பாதுகாப்புக் கையேடு அனுப்பினாங்க. யார் அனுப்பினதுன்னு சொல்ல வேண்டாம். ஒரு பக்கத்துல "பனிப்புயல் அபாயமுள்ள இடத்தில் கூடாரம் அமைக்காதீர்கள்"னு இருக்கு, அடுத்த பக்கத்துல "பனிப்புயலின்போது கூடாரத்தை விட்டு வெளியே வராதீர்கள்"னு இருக்கு. குழப்பமாயிட்டு இங்கிலீஷ் மூலத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தா, முதல்ல இருந்தது அவலான்ச், அதாவது மலைமேல இருக்குற பனி மொத்தமா சரிஞ்சு வர்றது; ரெண்டாவது ப்ளிஸர்ட், அதாவது பனியோட அடிக்கிற புயல்காத்து. ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு வச்சிருக்காங்க. டிவி ஸ்க்ரோல்லயும் சப்டைட்டில்லயும் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு, ஆனா ஏறப்போறவன் கையில குடுக்குற தாள்லயே இப்படின்னா எப்படிங்க.

சொல்லோட கதை சின்னதுதான். அவலான்ச் பிரெஞ்சு வழியா வந்தது, ஆல்ப்ஸ் மலைக்காரங்க பேச்சுல லவான்ச். அதுக்கும் பின்னாடி வழுக்குறது, நழுவுறதுன்னு பொருள்படுற லத்தீன் சொல் இருக்கலாம்கிறாங்க. ஜெர்மன் லவீனே அந்த லத்தீன் வேர்லேர்ந்து வந்ததுதான். இந்தியில ஹிமஸ்கலன், ஸ்கலன்னாலும் நழுவுறதுதான். நம்ம ஊட்டி பக்கத்து அவலாஞ்சிக்கே அந்தப் பேரு வந்தது 19ஆம் நூற்றாண்டுல அங்க நடந்த பெரிய நிலச்சரிவால. எங்க தேடினாலும் சரியிறதுதான் இருக்கு, காத்து எங்கயும் இல்ல.

புயல்னா காத்து. பனிப்புயல்னு படிச்சவன் வானத்தைத்தான் பார்ப்பான். ஆனா பனி சரியிறதுக்கு வானம் கறுக்கணும்னே இல்ல, புதுப்பனி நிறைய கொட்டி முடிச்சு மறுநாள் பளிச்சுனு நீல வானமா வெயில் அடிக்குதே, அந்த நாள்தான் ரொம்ப பயப்படணும். சாங்ரி ஊர்க்கார கைடு ஒருத்தர் மண்வெட்டியால இடுப்பளவு குழி தோண்டிக் காட்டினார். மேல ஒரு அடிக்கு கெட்டியா பலகை மாதிரி பனி, அடியில சீனி மாதிரி ஒரு அடுக்கு, கையில அள்ளினா ஒட்டாம பொலபொலன்னு உதிருது. மேல இருக்குற பலகை அந்தச் சீனி மேலதான் உக்காந்திருக்கு, 30லேர்ந்து 45 டிகிரி சாய்வுல ஒரு ஆள் மிதிக்கிற பாரமே போதும், விரிசல் ஓடி மொத்தப் பலகையும் கிளம்பிரும். ஆளைக் கொல்ற சரிவுகள்ல பெரும்பாலானதைக் கிளப்பி விடுறதே மாட்டிக்கிட்டவங்களோ கூட வந்தவங்களோதான். இதுல புயல் எங்க இருக்கு?

இன்னொரு கோஷ்டி "பனிப்பாறைச் சரிவு"ம்பாங்க. 2016 பிப்ரவரில சியாச்சின்ல மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் புதைச்சது நிஜமாவே பெரிய பனிக்கட்டிச் சுவர் இடிஞ்சு விழுந்ததுதான், அதுக்கு அந்தச் சொல் பொருந்தும், நான் ஒத்துக்கிறேன். 2014ல எவரெஸ்ட் ஏறுற வழியில இருக்குற கும்பு பனியருவியில 16 பேர் செத்ததும் அப்படித்தான். ஆனா 2022 அக்டோபர்ல உத்தராகண்ட்ல திரௌபதி கா டண்டா சிகரத்துக்கு மலையேற்றப் பயிற்சிக்குப் போனவங்களை அடிச்சது பலகைப் பனி, பாறை இல்ல. எல்லாத்துக்கும் பாறையைச் சேர்த்துட்டா, பாறை எதுவும் கண்ணுல படலையேன்னு வெள்ளை மெத்தை மேல தைரியமா நடப்பான். 2021ல உத்தராகண்ட் சமோலியில வந்த வெள்ளத்துக்கு "பனிப்பாறை வெடிப்பு"ன்னு எழுதினாங்க, அங்க எதுவுமே வெடிக்கல, ரோன்டி சிகரத்துலேர்ந்து பாறையும் பனிக்கட்டியும் பிய்ஞ்சு விழுந்துச்சு.

அப்போ பனிச்சரிவுதான். நிலச்சரிவு, இலங்கையில சொல்ற மண்சரிவு, இதுங்களோட வரிசையில தானா போய் உக்காருது, யாருக்கும் விளக்க வேண்டாம். ஒரே ஒரு சிக்கல், சரிவுன்னா சாய்வான இடம்னும் பொருள். "பனிச்சரிவில் ஏறினார்கள்"னு எழுதினா எதுல ஏறினாங்க? அதனால இடத்துக்கு பனிச்சாய்வு, நடக்குற சம்பவத்துக்கு பனிச்சரிவுன்னு பிரிச்சு வச்சுக்கணும், இதை மொழிபெயர்ப்பாளர்கள் கறாரா கடைப்பிடிக்கணும்.

நம்ம பனிங்கிற சொல்லே மார்கழிப் பனியிலேர்ந்து ஐஸ் வரைக்கும் எல்லாத்தையும் சுமக்குது, அதனால பின்னாடி ஒட்டுற சொல்லுலதான் நாம ஜாக்கிரதையா இருக்கணும். அதே கையேட்டுல இன்னொண்ணு. பனிச்சரிவு அபாயத்தைச் சொல்ற அளவுகோலுக்கு 5 படி, அதுல 3வது படிக்கு "கணிசமான அபாயம்"னு போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல கன்சிடரபிள், அகராதியைப் பார்த்து அப்படியே இறக்கிட்டாங்க. கணிசமான லாபம், கணிசமான ஓட்டுன்னு கேட்டுப் பழகின காதுக்கு அது ஏதோ ஓரளவுன்னுதான் விழும், நடுப்படிதானேன்னு கிளம்பிருவான். நிறைய பேர் சாகுறது இந்த 3வது படி நாள்லதான். நான் திருத்தி அனுப்பினப்போ அந்த இடத்துல "3ஆம் படி: ஆள் மிதித்தாலே பனி சரியலாம்"னு எழுதினேன். நீளமா இருக்கு, பெட்டிக்குள்ள அடங்காதுன்னாங்க. பெட்டியைப் பெருசாக்குங்கன்னு சொல்லிட்டேன்.