கணவாய்க் காற்றுக்கு எந்தத் துணி?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழி, தையில் காலையில் துவைத்துக் கொடியில் போட்ட வேட்டி மதியத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அதே வேட்டி ஆடி மாதத்தில் இரண்டு நாள் கிடந்தாலும் விளிம்பில் ஈரம் போகாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றும், மழைக்காலத்தில் அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்த காற்றும் அதன் வழியே வருகின்றன. அதனால் இங்கே துணி எடுப்பவர் நிறத்தையும் விலையையும் பார்க்கும் முன், அந்த நூல் தண்ணீரை என்ன செய்யும் என்று பார்ப்பது நல்லது.

பருத்தி இழை ஏறத்தாழ முழுக்கச் செல்லுலோஸ் என்ற தாவரப் பொருள். அதன் மூலக்கூறு நெடுகிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளில் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் நீராவியை உள்ளே வைத்திருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது. பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம் வரை பிடிக்கும். பாலியஸ்டரோ அரை கிராம்கூட ஏற்காது.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகிறது. வறண்ட காற்றில் பருத்தி வியர்வையை வாங்கி வெளியே விடுவதால் உடம்பு குளிர்கிறது. பங்குனி, சித்திரை வெயிலுக்குப் பருத்திதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் நெசவு மெல்லிசாக இருக்க வேண்டும். கடையில் ‘நம்பர்’ என்று சொல்வது நூலின் நயத்தைத்தான்: 100 நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலை நீட்டினால் 84,000 கஜம், அதாவது 76 கி.மீ.க்கு மேல் போகும். குத்தாம்புள்ளி போன்ற தறி ஊர்களுக்கு வேட்டி எடுக்கப் போனால் இந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு.

மழைக்காலத்தில் கணக்கு மாறுகிறது. காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது பருத்தி வாங்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. இழை உப்பி, நெசவின் கண்கள் அடைபட்டு, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. நாள்பட்ட ஈரத்தில் பூஞ்சை செல்லுலோஸைத் தின்று கரும்புள்ளி விடும். பாலியஸ்டரில் தண்ணீர் இழைகளுக்கு இடையே மட்டும் தங்குவதால் பிழிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அன்றாடம் துவைத்தே ஆக வேண்டிய பள்ளிச் சீருடைக்கு, பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன் ஏற்றது என்பேன். பரவலாகக் கிடைக்கும் 67:33 கலவையில் பாலியஸ்டர்தான் பெரும்பங்கு. ஆனால் பாலியஸ்டர் எண்ணெயை விடாது. உடம்பின் எண்ணெய்ப் பசை தங்கி வாடை அடிக்கும். தை மாத வறட்சியில் அதே துணி மின்னேற்றம் பெற்றுக் காலில் சுற்றிக்கொள்ளும். மின்னேற்றம் கசிந்து போக அதில் ஈரம் இல்லை.

‘காட்டன்’ என்று சொல்லித் தருவதைச் சோதிக்க, ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும்.

இந்தச் சோதனையில் சிக்காதது ரேயான். மரக்கூழைக் கரைத்து இழையாக இழுத்ததால் அதுவும் செல்லுலோஸ்தான். பருத்தி போலவே எரியும். அதற்கு வேறு வழி உண்டு. நூலை எச்சிலில் நனைத்து இழுங்கள். ரேயான் பட்டென்று அறும். நனைந்தால் அதன் பலம் பாதியளவு குறைந்துவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும். பல நூற்றாண்டுகளாகப் பருத்தித் துணியைக் கல்லில் அடித்துத் துவைக்க முடிந்தது அதனால்தான். ரேயானைக் கல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். வாளியில் அலசி, முறுக்காமல் ஒற்றிப் பிழிந்து, நிழலில் விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையிலேயே நீண்டு உருமாறிவிடும்.