டி. ரெக்ஸின் வயது எந்த எலும்பில் இருக்கிறது?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் மகள், பத்தாம் தரத்தில் படிப்பவள், சென்ற மாதம் ஒரு புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். சிக்காகோ நகர நூதனசாலையில் இருக்கும் ‘சூ’ என்ற டைரனோசோரஸ் ரெக்ஸ் (சுருக்கமாக டி. ரெக்ஸ்) டைனோசர் இறக்கும்போது அதற்கு ஏறத்தாழ 28 வயது என்று அதில் எழுதியிருந்தது. “மாமா, பிறந்த திகதி ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு எப்படி 28 எண்டு சொல்லுகினம்? அப்ப அது ஆணோ பெண்ணோ எண்டும் சொல்லலாமோ?” என்று கேட்டாள். இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை எலும்பின் உள்ளே இருக்கிறது. ஆனால் எல்லா எலும்பிலும் இல்லை.

விலங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்னம் பிரவுன் என்பவர் 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கூட்டைக் கொண்டு, 1905ஆம் ஆண்டு ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஒஸ்போர்ன் இதற்குப் பெயரிட்டார். கொடுங்கோலனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் அரசனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அந்தப் பெயரில் சேர்ந்திருக்கின்றன. சூ 1990ஆம் ஆண்டு தென் டகோட்டாவில் கண்டெடுக்கப்பட்டது. அதன் நீளம் 12 மீற்றருக்குச் சற்று அதிகம். இந்த விலங்குகள் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உலாவிய காலம் இன்றைக்கு 68 முதல் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்தக் கணக்கை எலும்பு தருவதில்லை. எலும்பு புதைந்திருந்த படைகளுக்கிடையே உள்ள எரிமலைச் சாம்பலின் கதிர்த்தொழிற்பாட்டைக் கொண்டு கணிக்கிறார்கள். மருமகள் கேட்டது அதுவன்று. அந்த ஒரு விலங்கு எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருந்தது என்பதே அவளுடைய கேள்வி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார்கள். இறைச்சிக் கடையில் குறுக்காக வெட்டித் தந்திருந்த ஒரு துண்டை நன்றாகக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெட்டுமுகத்தை மெல்லிய மண்தாளால் தேய்த்து அவளிடம் கொடுத்தேன். நடுவே மச்சை இருந்த ஓட்டை, அதைச் சுற்றி வெண்மையான கெட்டியான வளையம், அந்த வளையத்தில் கைவில்லையால் பார்த்தால் தெரியும் ஊசிமுனை போன்ற துளைகள். அந்தத் துளைகள் வழியாகக் குருதிக் குழாய்கள் ஓடின. இந்த வெட்டுமுகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கால் எலும்பு வெளிப்பக்கத்தால் பருக்கிறது. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் உள்ள கலங்கள் புதிய எலும்பைப் படை படையாகப் படியவைக்கின்றன. தீனி நிறையக் கிடைக்கும் காலத்தில் வளர்ச்சி விரைவாக நடக்கும். அப்போது உருவாகும் எலும்பின் இழைகள் ஒழுங்கற்றுப் பின்னியிருக்கும், அதில் குருதிக் குழாய்களும் நிறைந்திருக்கும். வறட்சியோ குளிரோ வந்து தீனி குறையும்போது வளர்ச்சி தளர்ந்து, சில காலம் முற்றாக நின்றும் விடும். நின்ற இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். மறுபடி நல்ல காலம் வந்ததும் அந்தக் கோட்டுக்கு வெளியே அடுத்த படை தொடங்கும். ஆண்டுக்கு ஒரு கோடு. மரக்காலையில் அறுத்துப் போட்டிருக்கும் தேக்கு மரத்தின் வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரிவதும் இப்படித்தான்.

ஆண்டுக்கு ஒரு கோடுதான் என்பதை எப்படி உறுதிப்படுத்தினார்கள் என்று கேட்கலாம். இன்று வாழும் விலங்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். டெட்ராசைக்கிளின் என்ற மருந்தை ஏற்றினால், அந்த நேரத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் எலும்பில் அது ஒட்டிக்கொள்ளும். பிற்பாடு புறஊதா ஒளியில் அந்த இடம் மஞ்சளாக ஒளிரும். ஒளிரும் கோட்டுக்கு வெளியே எத்தனை வளையங்கள் உள்ளன என்று எண்ணி, கடந்துபோன ஆண்டுகளோடு ஒப்பிட்டால் போதும். ஒரு காலத்தில் இத்தகைய கோடுகள் முதலை, பல்லி போன்ற குளிர்க்குருதி விலங்குகளுக்கு மட்டுமே உரியவை என்று கருதி, ஆகவே டைனோசர்களும் குளிர்க்குருதி விலங்குகளே என்று வாதிட்டவர்கள் இருந்தனர். வெப்ப வலயம் தொடங்கித் துருவப் பகுதி வரை வாழும் அசைபோடும் விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வெப்பக்குருதி கொண்ட அந்த விலங்குகளிலும் இதே கோடுகள் விழுவதைக் காட்டியதோடு அந்த வாதம் வலுவிழந்தது.

கல்லாகிப்போன எலும்பில் இதைப் பார்க்க வேண்டுமானால் எலும்பை வெட்டியே ஆக வேண்டும். துண்டைப் பிசினில் பதித்து, வைரம் பதித்த வாளால் மெல்லிய வில்லையாக அறுத்து, கண்ணாடித் தட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்த்துக்கொண்டே போவார்கள். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த தடிப்பு வந்ததும், முனைவாக்கிய ஒளியைச் செலுத்தி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். எலும்பின் மூலப்பொருளில் பெரும்பகுதி கனிமங்களால் நிரம்பியும் மாறியும் போயிருந்தாலும், குருதிக் குழாய் சென்ற வழியும், ஒவ்வொரு எலும்புக் கலமும் குடியிருந்த நுண்ணிய குழியும், வளர்ச்சி நின்ற கோடும் அப்படியே இருக்கும். 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வறண்ட பருவம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அப்படியானால் தொடையெலும்பை வெட்டிக் கோடுகளை எண்ணினால் முடிந்ததுதானே? நடப்பது அப்படியல்ல. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த இடமும் இதுவே.

எலும்பு வெளியே கட்டப்படும்போதே உள்ளே கரைக்கப்படுகிறது. மச்சையின் பக்கம் உள்ள வேறு வகைக் கலங்கள் எலும்பை அரித்து அகற்றி, நடுவிலுள்ள குழியைப் பெரிதாக்கிக்கொண்டே வருகின்றன. காரணம் எளிது. கொழும்பில் மாடிக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் இரும்பு, கம்பியாக இல்லாமல் குழாயாக இருக்கிறது. ஒரே அளவு இரும்பைக் கொண்டு கம்பியும் குழாயும் செய்தால், வளைக்கும் விசையைக் குழாயே அதிகம் தாங்கும். பல தொன் நிறையுள்ள உடலைச் சுமக்கும் எலும்பும் வளர வளர அகன்ற குழாயாகிறது. ஆனால் சிறுவயதுக் கோடுகள் விழுந்திருந்தது நடுப்பகுதியில்தான். குழி அகலும்போது அவை கரைந்துபோகின்றன. அத்தோடு, சுமையால் எலும்பில் உண்டாகும் நுண்வெடிப்புகளைச் சீர்செய்வதற்காகப் பழைய எலும்பு துளைக்கப்பட்டுப் புதிய எலும்பு நிரப்பப்படுகிறது. அந்தச் சீர்திருத்தமும் கோடுகளை அழிக்கிறது. ஆகவே முதிர்ந்த ஒரு டி. ரெக்ஸின் மிகப் பெரிய எலும்பு, அதன் வயதைக் கேட்பதற்கு மிகவும் பொருத்தமற்ற எலும்பு.

2004ஆம் ஆண்டு கிரகரி எரிக்சனும் அவருடன் இணைந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தத் தடையைக் கடந்தது. சுமை தாங்காத எலும்புகளை அவர்கள் தேடினார்கள். விலா எலும்புகள், முழங்காலுக்குக் கீழே பக்கத்தில் ஒட்டிச் செல்லும் ஒல்லியான எலும்பு, இடுப்பின் சில பகுதிகள், வயிற்றுத் தசைக்குள் கூடைபோல் அமைந்திருந்த வயிற்று விலா எலும்புகள் ஆகியவற்றில் உட்குழி அதிகம் பெரிதாவதில்லை, சீர்திருத்தமும் குறைவு. காட்சி மண்டபத்தில் எவரும் நின்று பார்க்காத எலும்புகள் இவை. பல எலும்புக்கூடுகளில் இவை உடைந்த துண்டுகளாகவே கிடைக்கின்றன. அவற்றில்தான் கோடுகள் பெரும்பாலும் அழியாமல் எஞ்சியிருந்தன. உள்ளே சில கோடுகள் அழிந்திருந்தால், இளம் விலங்கொன்றின் அதே எலும்பை மேலே வைத்துப் பார்த்து, விடுபட்ட ஆண்டுகளைக் கணித்து நிரப்பலாம். சூவின் வயது ஏறக்குறைய 28 என்று வந்தது இவ்வாறுதான். பின்னர் வந்த ஆய்வுகள் அது சில ஆண்டுகள் கூடவும் இருக்கலாம் என்கின்றன. 28 என்பது ஒரு வீச்சுக்குள் அடங்கும் எண் என்று அவளிடம் சொன்னேன்.

கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி வயதைவிடச் சுவையான செய்தியைச் சொல்கிறது. அகன்ற இடைவெளி என்றால் அந்த ஆண்டு எலும்பு வேகமாகப் பருத்தது. நெருங்கியிருந்தால் வளர்ச்சி மெதுவாக இருந்தது. ஒவ்வோர் ஆண்டிலும் தொடையெலும்பு எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று கணித்தால் நிறையும் கிடைக்கும். நீளம் இரண்டு மடங்கானால் நிறை எட்டு மடங்காகும் என்ற பாடசாலைக் கணக்கே அதற்கு அடிப்படை. இப்படிக் கணக்கிட்டதில், டி. ரெக்ஸ் 14 முதல் 18 வயது வரையான நான்கு ஆண்டுகளில் நாளொன்றுக்கு 2.1 கிலோகிராம் வீதம் நிறை கூடியதாக அந்த ஆய்வு கண்டது. அதன் சிறிய உறவினங்களான அல்பேர்டோசோரஸ், கோர்கோசோரஸ், டஸ்பிளீடோசோரஸ் ஆகியவற்றின் உச்ச வேகமோ நாளுக்கு 0.31 முதல் 0.48 கிலோகிராம் வரைதான். டி. ரெக்ஸ் பேருருவம் பெற்றது நெடுங்காலம் வளர்ந்ததால் அல்ல, இளமையில் அசுர வேகத்தில் வளர்ந்ததால் என்பது இதன் பொருள்.

வளர்ச்சி முடிந்த விலங்கின் எலும்பில், வெளி விளிம்பை ஒட்டிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த நெரிசல் இல்லையென்றால் விலங்கு வளர்ந்துகொண்டிருக்கும்போதே இறந்தது என்று அறியலாம். நெடுங்கால விவாதம் ஒன்று இதைச் சுற்றியே நடந்தது. மொன்டானாவில் கிடைத்த ‘ஜேன்’ என்ற சிறிய எலும்புக்கூடு குட்டி டி. ரெக்ஸா, அல்லது நனோடைரனஸ் என்ற வேறொரு விலங்கா? 2020ஆம் ஆண்டு ஹொலி வுட்வேர்ட் குழுவினர் அதன் எலும்பை அறுத்துப் பார்த்து, அது குறைந்தது 13 வயதான, இன்னும் வளரும் நிலையிலிருந்த இளம் விலங்கு என்று காட்டி, அதை டி. ரெக்ஸ் என்றே கொண்டனர். ஆண்டுக்கு ஆண்டு கோடுகளின் இடைவெளி மாறுவதையும் அவர்கள் கவனித்தார்கள். பஞ்சமான ஆண்டில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும் விலங்கு அது. 2025ஆம் ஆண்டு லின்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நபோலியும் மற்றொரு சிறிய எலும்புக்கூட்டை ஆராய்ந்தார்கள். அது ஏறத்தாழ 20 வயதில் வளர்ச்சி முற்றிய விலங்கு என்றும், ஆகவே நனோடைரனஸ் தனி விலங்கே என்றும் முடிவுசெய்து, ஜேனையும் அதனோடு சேர்த்தார்கள். சிறிய எலும்புக்கூடுகள் வேறு விலங்கினுடையவை என்றால், டி. ரெக்ஸின் குழந்தைப் பருவத்துக்கென வரைந்த வளர்ச்சி வளைவின் தொடக்கத்தைத் திரும்பவும் வரைய வேண்டியிருக்கும்.

அதற்கு வெட்டக்கூடிய எலும்புகள் வேண்டும். இந்த இடத்தில் எனக்குள்ள கவலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சூ 1997ஆம் ஆண்டு ஏலத்தில் 8.36 மில்லியன் டொலருக்குப் போனது. நல்லவேளையாக வாங்கியது ஒரு நூதனசாலை. ‘ஸ்டான்’ என்ற மற்றொரு டி. ரெக்ஸ் எலும்புக்கூடு 2020ஆம் ஆண்டு 31.8 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. 2025இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, ஆய்வுக்குப் பயன்படத்தக்க டி. ரெக்ஸ் உயிர்ச்சுவடுகளில் 61 மட்டுமே பொது நூதனசாலைகளில் உள்ளன. 71 தனியாரிடமும் வணிகர்களிடமும் இருக்கின்றன. வரவேற்பறையில் அழகுக்கு நிறுத்தியிருக்கும் எலும்பை அறுப்பதற்கு எவரும் அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கையின் பாறைகளில் பெரும்பகுதி டைனோசர்களுக்குப் பல நூறு மில்லியன் ஆண்டுகள் முற்பட்டது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ அவற்றுக்கு மிகவும் பிற்பட்டது. ஆகவே இங்கே டி. ரெக்ஸைத் தேட முடியாது. ஆனால் இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் வந்திருக்கின்றன. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து, ஆராய்ந்து, விவரித்து வைத்தார். அப்படிப்பட்ட துண்டு எலும்புகளைக் காப்பதற்கும், ஒரு மாணவர் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கும் வேண்டிய பணம் மிகப் பெரிய தொகையன்று. அதை ஒதுக்குவது அரசின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

மருமகளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மொன்டானாவின் தொலைவான ஓரிடத்தில் கிடைத்த ஒரு டி. ரெக்ஸை ஹெலிகொப்டரில்தான் கொண்டுவர முடிந்தது. பொதி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால், தொடையெலும்பை உடைக்க வேண்டியதாயிற்று. அந்த உடைவின் உட்புறத்தைப் பார்த்த மேரி ஷ்வைட்சர், மச்சைக் குழியின் சுவரில் வழமைக்கு மாறான ஒரு படையைக் கண்டு, 2005ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். முட்டையிடும் கோழியின் கால் எலும்பை உடைத்தால் அதே இடத்தில் அதே போன்ற படை இருக்கும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கல்சியத்தை அந்தப் பறவை சிறிது காலத்துக்கு அங்கே சேமித்து வைக்கிறது. முட்டையிட்டு முடிந்ததும் அந்தச் சேமிப்பு கரைந்துபோகும். சேவலில் அது இயல்பாக உண்டாவதில்லை. நோயாலும் இப்படி ஒரு படை வரலாமே என்ற ஐயம் எழுந்தது. 2016ஆம் ஆண்டு நடந்த இரசாயனச் சோதனைகள் கோழியின் எலும்போடு அதற்குள்ள ஒற்றுமையை மேலும் உறுதிப்படுத்தின.

அந்தப் படை சிறிது காலமே இருப்பதால், அது காணப்படாவிட்டால் விலங்கு ஆண் என்று ஆகிவிடாது. எனவே சூ ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது. மொன்டானாவின் அந்த விலங்கு பெண், அதுவும் முட்டையிடும் பருவத்தில் இறந்த பெண். அதன் வயதையும் வளர்ச்சிக் கோடுகளைக் கொண்டே கணித்தார்கள். ஏறத்தாழ 18. உடல் முழு வளர்ச்சியை எட்டுமுன்பே முட்டையிடத் தொடங்கியிருந்தது.