தறிச் சத்தத்தில் தப்பும் இசை, வசனத்தில் மாட்டும்

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் வீட்டில்கூட, ஒலிக்கும் பாட்டு எது என்று சொல்லும் போன் செயலியான ஷசாம் (Shazam) பாட்டைக் கண்டுபிடித்துவிடுவதுண்டு. அமைதியான அறையில் ஓடும் சீரியலின் பின்னணி இசையில் அதே செயலி திணறும். இரண்டுக்கும் காரணம் அது கேட்கும் விதம்தான்.

ஷசாமின் அடிப்படை முறையை அதை நிறுவியவர்களில் ஒருவரான அவெரி வாங் 2003இல் வெளியிட்டார். செயலி முதலில் ஒலியை வரைபடமாக்கும்: கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அதிர்வெண். சுற்றியுள்ளவற்றைவிட உரக்க நிற்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும். பிறகு புள்ளிகளை ஜோடி சேர்க்கும். ஒரு ஜோடிக்கு மூன்றே எண்கள்: 1,000 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ், நடுவே 0.3 நொடி என்பதுபோல. அதே ஜோடி எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று தன் பாட்டுக் களஞ்சியத்தில் தேடும். தற்செயலாக ஒத்துப்போவதும் ஏராளமாக அகப்படும். அதனால் நேரக் கணக்கே தீர்ப்பு. நீங்கள் கேட்கவைத்த ஒலியின் 1, 2, 4ஆம் நொடி ஜோடிகள் ஒரு பாட்டின் 61, 62, 64ஆம் நொடிகளில் இருந்தால் வித்தியாசம் எல்லாவற்றிலும் 60. இப்படி ஒரே வித்தியாசம் குவிந்தால் பாட்டு அதுதான்.

ஒற்றைத் தறியின் அடி வரைபடத்தில் நெட்டுக்கோடாக விழும். இரண்டு அடிக்கு நடுவே இசைப்புள்ளிகள் தப்பிக்கும். கிரைண்டர் மோட்டாரின் முனகல் படுக்கைக்கோடாகக் கிடக்கும். வசனம் அப்படியல்ல. பேச்சும் வயலினும் பெரும்பாலும் ஒரே அதிர்வெண் பரப்பில் நெருக்கியடிக்கும். போதாக்குறைக்கு, பேச்சு வரும் இடத்தில் ஒலிக்கலவை செய்பவர் இசையைத் தாழ்த்திவிடுவார். ஆகவே மாமியார் பேசி முடித்து, கேமரா ஒவ்வொரு முகமாகத் திரும்பும் இடத்தைப் பிடியுங்கள். வசனமில்லாத பத்து நொடி அங்கேதான் கிடைக்கும்.

டிவி முன்னால் போனை நீட்டுவதைவிட, ஆண்ட்ராய்டு போனானால் அதிலேயே அந்தக் காட்சியை ஓட்டி, திரைமேல் மிதக்கும் ஷசாம் பொத்தானை அழுத்துவது மேல். மைக்கின் குறுக்கீடு இல்லாமல் ஒலி நேராகப் போகும். யூடியூப் துண்டுக் காட்சிகளை நம்ப வேண்டாம். காப்புரிமைச் சோதனைக்குத் தப்ப வேகத்தைக் கூட்டிப் போடுபவர்கள் உண்டு. 4% கூட்டினாலே 1,000 ஹெர்ட்ஸ் 1,040 ஆகிவிடும், ஜோடிகள் பொருந்தாது.

இந்த முறை அடையாளம் காண்பது பாட்டை அல்ல, குறிப்பிட்ட ஒரு பதிவை. அதே பாட்டை வேறொருவர் பாடினால் பொருந்தாது. கோயில் நோம்பி (திருவிழா) காட்சியில் நேரடியாகப் பதிந்த வள்ளி கும்மிக்கும் இதே கதி. மெட்டு இருந்தால் கூகுள் தேடலில் 10–15 நொடி முனகிக் காட்டுங்கள். 2020இல் கூகுள் கொண்டுவந்த இந்த வசதி சுரம் ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் பார்க்கும். முனக மெட்டே இல்லாத ஜமாப் (கொங்குத் திருவிழா மேளம்) அடிக்கு அதுவும் உதவாது.

வெளியிடப்படாத பின்னணி இசை களஞ்சியத்திலேயே இருக்காது. அப்போது டைட்டிலில் ‘பின்னணி இசை’ என்று வரும் பெயரைத் தேடுங்கள். டப்பிங் சீரியலானால் மூலமொழிப் பகுதியையும் ஓட்டிப் பாருங்கள்: வசனம் மாறினாலும் இசைத்தடம் பெரும்பாலும் மாறாது. ஒரே ‘திடுக்’ ஒலி மூன்று சீரியலில் கேட்டால், அது காசு கொடுத்து எடுத்த இசைநூலகச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.