டாங்கியில் எண்ணெய் இருந்தும் எஞ்சின் நிற்பது ஏன்?

மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குச் சின்ன விமானச் சத்தம் புதிதில்லை, விமானிப் பயிற்சி நடக்கிற பத்து பெரண்டாம் பக்கத்தில்தானே இருக்கிறது. செம்பனைக்கு மேலே அந்தச் சத்தம் திடீரென்று நின்றால் 'எஞ்சின் பழுது' என்றுதான் நினைப்போம். ஆனால் பல விபத்துகளில் எஞ்சினில் ஒரு குறையும் இருப்பதில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் கணக்குப்படி, 2011 முதல் 2015 வரை எரிபொருளைச் சரியாகக் கவனிக்காமல் நடந்த விபத்துகள் ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேல். அதில் 56 விழுக்காடு எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்து நடந்தவை. என்னை அதிரவைத்தது அடுத்த எண்: 35 விழுக்காட்டில் எண்ணெய் எஞ்சினுக்குப் போய்ச் சேரவே இல்லை.

எப்படி? இரண்டு இறக்கைகளுக்குள்ளும் தனித்தனி டாங்கி இருக்கும். செஸ்னா 172 விமானத்தில் இறக்கை மேலே இருப்பதால் எண்ணெய் தானாகவே கீழே இறங்கும், இரண்டு டாங்கியையும் சேர்த்தே திறந்து வைக்கலாம். பைப்பர் செரோக்கியில் இறக்கை கீழே. பம்புதான் உறிஞ்ச வேண்டும், இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் ஒன்று காலியானதும் பம்பு அதிலிருந்து காற்றை இழுத்துவிடும். அதனால் இடது, வலது என்று விமானியே மாற்ற வேண்டும், பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் ரிசர்வுக்குத் திருப்புகிற மாதிரி. மறந்தால் ஒரு பக்கம் நிறைய இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளம்புவதற்குச் சற்று முன் டாங்கியை மாற்றி, அந்த டாங்கியில் கோளாறு இருந்தால், குழாயில் மிச்சமிருக்கிற எண்ணெயிலேயே விமானம் மேலே எழும்பிவிடும், அப்புறம் தாழ்வான உயரத்தில் எஞ்சின் நிற்கும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் இறந்ததும் இதே விஷயத்தில்தான். அவருடைய லாங்-ஈசி விமானத்தில் டாங்கி மாற்றும் பிடி இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி அதைப் பிடிக்கப் போனபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

சரி, எண்ணெய் மானியைப் பார்த்தால் போதாதா? போதாது. இறக்கை டாங்கி அகலமானது, ஆழமில்லாதது. விமானம் சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை ஆடும், முள்ளும் கூடவே ஆடும். அதனால் புறப்படும் முன் அளவுக்குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெயை மணிக்கணக்கில் எண்ணுவதுதான் முறை. செஸ்னா 172எஸ் பயன்படுத்தக்கூடிய எண்ணெய் சுமார் 200 லிட்டர், மணிக்கு 35 லிட்டர் என்று வைத்தால் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். உயரே போனதும் காற்றோடு கலக்கிற எண்ணெயின் அளவைக் குறைக்காமல் விட்டால் அந்தக் கணக்கே பொய்.

நம் ஊர் ஈரத்துக்கும் மழைக்கும் தண்ணீரையும் பார்த்தாக வேண்டும், டாங்கி மூடி சரியாக இல்லாவிட்டால் ஒரே இரவில் இறங்கிவிடும். விமான பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோதான், ஆகவே தண்ணீர் அடியில் போய்த் தங்கும். காலையில் அடிவால்விலிருந்து கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்தால் மேலே நீலச் சாயம் கலந்த பெட்ரோல், கீழே நிறமில்லாத ஒரு திவலை. ஆனால் பிடித்தது முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நடுவில் கோடே தெரியாது, அவசரத்தில் 'சுத்தமாக இருக்கிறது' என்று ஏமாந்துபோகலாம். அதனால்தான் நீலம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.