கூட்டம் குறைந்தாலும் குறையாத நோய்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருநாய்கள் சிலவற்றுக்குப் பின்பக்கம் பூக்கோசு மாதிரி சதை வளர்ந்து ரத்தம் கசிகிறது. இணைசேரும்போது ஒட்டிக்கொள்கிறதாம். பாதி நாய்களைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டால் இந்த நோய் ஒழியுமா?"

ஒழியாது. ஏன் ஒழியாது என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்தச் சதை ஒரு புற்றுநோய். வைரஸோ பாக்டீரியாவோ அதைப் பரப்பவில்லை. புற்றுச் செல்களே ஒரு நாயின் உறுப்பிலிருந்து உதிர்ந்து, அடுத்த நாயின் உடம்பில் ஒட்டி வளர்கின்றன. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயிடம் தோன்றிய செல்களின் வாரிசுகள்தான் இன்று கண்டம் கண்டமாகப் பரவியிருக்கின்றன என்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த நாய் என்றோ செத்துப்போனது, அதன் செல் மட்டும் சாகவில்லை!

சரி, கணக்கு. நோயுள்ள ஒரு விலங்கு சராசரியாக எத்தனை விலங்குக்கு நோயைக் கொடுக்கும்? அந்த எண் ஒன்றைத் தாண்டினால் நோய் பரவும், ஒன்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். இது எல்லா நோய்க்கும் பொது. வித்தியாசம் வருவது சந்திப்பில். டிஸ்டெம்பர் என்ற நாய்க்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மூச்சிலும் சளியிலும் பரவுவது. மீன் இறங்குதளத்தில் கழிவு மீன் கொட்டும் இடத்தில் 40 நாய்கள் மூக்கோடு மூக்கு உரசி நிற்கின்றன. அங்கே 20 நாய்தான் என்றால் உரசலும் ஏறக்குறைய பாதியாகும். கூட்டம் ஓர் அளவுக்குக் கீழே போனால் நோய்க்கு அடுத்த ஆள் கிடைக்காது.

இணைசேர்வது அப்படி இல்லை. மார்கழி விடியலில் பார்த்திருப்பீர்கள்: முன்னால் ஒரு பெட்டைநாய், பின்னால் ஆறேழு கடுவன்கள். பெட்டை பருவத்துக்கு வந்த வாசனை காற்றில் போகிறது. பக்கத்துத் தெருவில் கடுவன் இல்லாவிட்டால் அதற்கு அடுத்த தெருவிலிருந்து வரும். ஊரில் நாய் குறைந்துபோனாலும் துணை தேடுவது குறைவதில்லை.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஊரில் 1,000 நாய்கள், அதில் 100க்கு நோய். ஒரு பெட்டை ஒரு பருவத்தில் 3 கடுவன்களோடு சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு நாய்க்கு நோய் என்பதால், அந்த மூன்று கடுவன்களில் ஒன்றாவது நோயுள்ளதாக இருக்கும் வாய்ப்பு கால் பங்குக்குச் சற்று மேல். இப்போது பாதியை அப்புறப்படுத்துங்கள். நோயுள்ளதும் இல்லாததும் கலந்தே போகும். மீதி 500, நோயுள்ளவை 50. விகிதம் அதே பத்தில் ஒன்று, பெட்டை தேடுவது அதே 3. வாய்ப்பு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இதை நேரிலேயே பார்த்தார்கள். அங்குள்ள டெவில் என்ற விலங்குக்கு முகத்தில் ஒட்டுப்புற்று வருவது 1996இல் முதலில் தெரியவந்தது. கடித்துக்கொள்ளும்போது பரவுவது அது, இணைசேரும் காலத்தில்தான் அந்தக் கடி அதிகம். ஒரு தீபகற்பத்தில் நோயுள்ள விலங்குகளைத் தேடித் தேடி 2004 முதல் பல ஆண்டுகள் அகற்றியும் நோய் அடங்கவில்லை.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். பத்துக் கடுவன்கள், ஒவ்வொன்றும் 3 பெட்டைகளோடு சேர்கிறது. சராசரி 3. வேறொரு ஊரில் ஒன்பது கடுவன்களுக்குத் தலா ஒன்று, ஒரு வலுத்த கடுவனுக்கு மட்டும் 21. அங்கும் சராசரி 3தான். ஆனால் நோய்க்கு இரண்டும் ஒன்றல்ல. அதிகம் சேருகிற கடுவனுக்கே நோய் முதலில் தொற்றும், அதுவே அதிகம் பரப்பும். ஒரே விலங்கு இரண்டு பக்கமும் எண்ணப்படுவதால் ஒவ்வொன்றின் எண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டி, மொத்தச் சேர்க்கையால் வகுக்க வேண்டும். முதல் ஊரில் 90ஐ 30ஆல் வகுத்தால் 3. இரண்டாவது ஊரில் 450ஐ 30ஆல் வகுத்தால் 15. சராசரி மாறவே இல்லை, பரவும் வேகம் ஐந்து மடங்கு! எய்ட்ஸ் பரவிய 1980களில் ராபர்ட் மே, ராய் ஆண்டர்சன் என்ற இரு விஞ்ஞானிகள் மனிதர்களுக்காகப் போட்ட கணக்கு இது. எத்தனை தடவை போட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? சேர்க்கையைக் குறைக்க வேண்டும், அதாவது கருத்தடை. அதையும் அரைகுறையாக விடக்கூடாது. பெட்டைகளில் பாதிக்கு மட்டும் செய்துவிட்டுப் போனால், மிச்சமுள்ள ஒவ்வொரு பெட்டையையும் சுற்றுகிற கடுவன்கள் கூடிவிடலாம். இன்னொரு வழி, நோய் உடம்பில் இருக்கும் நாட்களைக் குறைப்பது. வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். அந்த மருந்து எடுப்பது நித்தியகல்யாணியிலிருந்து. நம் கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே, அதே செடி.

ஆனால் எந்தக் கடுவன் எத்தனை பெட்டைகளோடு சேர்கிறது என்பதை யாராவது நோட்டுப் புத்தகத்தோடு விடியற்காலையில் உட்கார்ந்து எண்ணினால்தான் இந்தக் கணக்கு உயிர் பெறும். விலையுயர்ந்த கருவிக்குக் கிடைக்கிற ஆராய்ச்சிப் பணம், எண்ணுகிறவரின் பஸ் செலவுக்குக் கிடைப்பதில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சென்ற ஆண்டு திருப்புல்லாணிப் பக்கம் ஒரு செம்மறிக் கிடையில் உட்கார்ந்திருந்தேன். கீதாரி சொன்னார்: "இந்த வருசம் பெட்டைக சரியா சினை பிடிக்கல தம்பி. கண்ணு பட்டுருச்சு." நாலு பெட்டைகளை 'மலடு' என்று விற்றும் விட்டாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. செம்மறியில் ஒரு கிடாவுக்கு 25, 30 பெட்டைகள். 21 பெட்டைகளோடு சேர்ந்ததாக மேலே சொன்ன கடுவனையும் மிஞ்சிய கணக்கு. 1953இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கண்டறிந்த புரூசெல்லா ஓவிஸ் என்ற, இணைசேரும்போதும் பரவுகிற பாக்டீரியா கிடாவின் விதைப்பையில் புகுந்து வீங்கவைக்கும். கிடா வழக்கம்போலத் தின்னும், முட்டும், ஏறும். விந்துதான் கெட்டிருக்கும். பழி பெட்டை மேல் விழும்.

"கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லண்ணே. தீவனம் பத்தாமலும் இருக்கலாம். ஆனா மொதல்ல கிடாவைப் பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்துபோய்ப் பெரிய கிடாவின் கொம்பை மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குனிந்து இரண்டு பக்கமும் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் அடியில கல்லு மாதிரி இருக்கே தம்பி" என்றார்.