படிச்சதெல்லாம் பரீட்சை ஹால்ல எங்க போய் ஒளிஞ்சுக்குது?

பிளஸ் டூ படிக்கற பொண்ணோட அம்மா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, புக்கை பத்து தடவை படிக்கறா, எல்லாம் தெரியும்ங்கறா, ஹால்ல உட்கார்ந்தா பிளாங்க் ஆயிடுது, வெளிய வந்து பஸ் ஏறினதும் வரிவரியா ஞாபகம் வருதாம், ஸ்கூல்ல கொஞ்சம் ஈஸியா வேலை குடுத்தா டென்ஷன் குறையுமான்னு.

பஸ்ல ஞாபகம் வருதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. பாடம் மண்டைக்குள்ளதான் இருந்திருக்கு, அந்த நேரத்துக்கு எடுக்க வரல.

பயந்தா அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. அது நொடியில வந்துடும். பின்னாடியே கார்டிசால்னு ஒரு ஹார்மோன் வரும், அதுவும் கிட்னி மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கற அதே அட்ரினல் சுரப்பியில இருந்துதான், ஆனா இது ஆடி அசைஞ்சு வர்ற ஆளு, உச்சத்துக்குப் போக 20, 30 நிமிஷம் ஆகும். இந்த லேட்டுலதான் கதையே இருக்கு.

1998ல அமெரிக்காவுல, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட இர்வைன் வளாகத்துல டி குவெர்வைன், ரூசெண்டால், மெக்காஃப்னு மூணு பேர் சேர்ந்து ஒரு வேலை பண்ணாங்க. தொட்டி நிறைய தண்ணி, தண்ணிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம ஒரு மேடை. எலியை விட்டா நீந்தி நீந்தி மேடையைக் கண்டுபிடிச்சு இடத்தை மனசுல வச்சுக்கும். மறுநாள் அதுக்கு டெஸ்ட். டெஸ்டுக்கு முன்னாடி கால்ல லேசா ஒரு ஷாக். ரெண்டு நிமிஷம் முன்னாடி ஷாக் குடுத்த எலி, கரெக்டா அந்த இடத்தையே தேடிப் போச்சு. நாலு மணி நேரம் முன்னாடி வாங்கின எலியும் அப்படித்தான். அரை மணி நேரம் முன்னாடி வாங்கினது மட்டும் இடம் தெரியாம தொட்டி முழுக்க சுத்துச்சு! ஷாக் அதே ஷாக்தான், நேரம்தான் வேற. இன்னும் அழகு என்னன்னா, எலியோட கார்டிசால் மாதிரியான ஹார்மோன் சுரக்கறதை ஒரு மருந்து போட்டு நிறுத்திட்டா, அரை மணி நேர எலியும் ஒழுங்கா போச்சு. எனக்கு இதைப் படிக்கறப்பல்லாம் ஒரு சந்தோஷம். எலி நீந்தறதுக்கு எதுக்குய்யா வரிப்பணம்னு கேக்கறவங்க, மார்ச் மாசம் ஆனா ஞாபகசக்தி டானிக்குக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு ஒரு தடவை கூட்டிப் பாக்கலாம்.

மூளையில ஞாபகத்தை எடுத்துக் குடுக்கற ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதியில கார்டிசால் வந்து ஒட்டற இடங்கள் நிறைய. ஆபத்து வந்தா மூளை "இப்ப நடக்கறதைப் பதிவு பண்ணு, பழசைத் தேடாதே"ன்னு மாறிடுதுன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. காட்டுல புலி துரத்தறப்ப அது சரி, கெமிஸ்ட்ரி பேப்பருக்கு சரிப்படாது. ஹாலுக்குள்ள விடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கேட்ல நின்னுகிட்டு "இதைப் படிச்சியா, அதைப் படிச்சியா"ன்னு பிள்ளையை உலுக்கறோமே, அந்த எலிக்கு ஷாக் குடுத்த அதே டைமிங்!

அதுக்காக கஷ்டமான வேலையே வேணாம்னு சொல்லிடாதீங்க. கஷ்டம் வேற, பயம் வேற, பிரம்பு வச்சிருந்த நம்ம பழைய வாத்தியார்கள் சில பேர் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்களுக்கு ஒரு பாடம் குடுத்து, ஒரு குரூப்பை நாலு தடவை படிக்கவும், இன்னொண்ணை ஒரு தடவை படிச்சிட்டு மூணு தடவை பாக்காம எழுதவும் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்சவங்க 83 சதவீதம், எழுதினவங்க 71. ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ், படிச்சவங்க 40, எழுதினவங்க 61. நமக்குதான் நல்லா ஞாபகம் இருக்கும்னு அடிச்சு சொன்னதும் அந்த நாலு தடவை படிச்ச குரூப்புதான், உங்க பொண்ணு "எல்லாம் தெரியும்"ங்கறது இதான்.

இந்த ரெண்டு விஷயத்தையும் 2016ல அமெரிக்காவோட டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல ஒண்ணு சேர்த்துப் பாத்தாங்க. 120 பேர், பாதிப் பேர் வார்த்தைகளையும் படங்களையும் திரும்பத் திரும்பப் பாத்து படிச்சாங்க, மீதிப் பேர் பாக்காம நினைவுபடுத்திப் படிச்சாங்க. மறுநாள் ரெண்டு பக்கத்துலயும் சில பேரை ஆட்கள் முன்னாடி திடீர்னு பேசு, கணக்கு போடுன்னு படபடக்க வச்சிட்டு கேட்டா, பாத்துப் படிச்சவங்களுக்கு டென்ஷன்ல ஞாபகம் குறைஞ்சுது, நினைவுபடுத்திப் படிச்சவங்களுக்கு கார்டிசால் உச்சத்துல இருக்கற நேரத்துல கூட அசையல. திரும்பத் திரும்ப தேடி எடுத்ததுல அந்த ஞாபகத்துக்கு பல வழி விழுந்துடுது, ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு இருக்கும்னு நினைக்கறாங்க.

அதனால வேலையைக் குறைக்கச் சொல்லாதீங்கம்மா. புக்கை மூடி வச்சிட்டு வெள்ளைப் பேப்பர்ல எழுதச் சொல்லுங்க, முதல் வாரம் பாதி கூட வராது, அழுவா. பரவாயில்ல, விடுங்க. பரீட்சை அன்னிக்கு கேட்ல மட்டும் எதுவும் கேக்காதீங்க.